அத்தான் இழுத்துப் பார்த்தவை

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவரை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் எங்கள் வீட்டு ஊஞ்சல் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

உட்காருங்கள் என்றுதான் என் தகப்பனார் சொன்னார். மாப்பிள்ளை உட்காரவில்லை. சங்கிலியை ஒரு கையால் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்துவிட்டார். உத்தரத்திலிருந்து சுண்ணாம்பு அவருடைய தலையில் உதிர்ந்தது. கூட வந்திருந்த பெரியவர்கள் வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பழகிப்போனவர்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் விளங்கியது.

"மாமா, மேல இருக்க கொக்கி தேஞ்சு போயிருக்கு. மாத்திருங்க" என்றார் இறங்கியதும். "நாலு பேரு உக்காருத எடம்லா."

மாமா என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டதால் சம்பந்தம் முடிந்துவிட்டது என்று என் தகப்பனார் எடுத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் அக்கா சிரித்தது கேட்டது. அதைச் சம்மதம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். கொக்கியை மாற்ற வேண்டும் என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் நான் படுத்துக்கொண்டு சட்டப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது ஊஞ்சல் கீழே வந்தது. எனக்குச் சட்டத்தில் பிடிப்பு விட்டுப்போனது அன்றைக்குத்தான் என்று இப்போது வரைக்கும் சொல்லி வருகிறேன்.

அவர் பெயரை என் அக்கா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அவளே சொல்லாததை நான் ஏன் அச்சில் சொல்ல வேண்டும்? அத்தான் என்றே வைத்துக்கொள்வோம்.

அத்தானுக்குக் குத்துக்கல்வலசைப் பக்கம் நல்ல நஞ்சை இருந்தது. வீடு தென்காசியில். நன்றாகப் படித்தவர்தான். ஆனால் எழுத்தில் இருப்பதையும் காதில் விழுவதையும் அவர் ஒரே தட்டில் வைத்திருந்தார்: இரண்டையும் நம்பமாட்டார். கையால் பிடித்து இழுத்து, அது வராமல் இருந்தால்தான் நம்புவார். புதுச் சட்டை வந்தால் முதலில் பித்தான்களை இழுப்பார். பாதி பித்தான்கள் அப்போதே கையோடு வந்துவிடும். கிணற்று வாளியை இறக்குவதற்கு முன் கயிற்றை இழுப்பார். மாடு வாங்கப் போனால் வாலை இழுப்பார். அதற்கு மாடுகள் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

சாரல் தொடங்கியதும் நாங்கள் குற்றாலத்துக்குப் போவோம். பெரிய அருவியில் குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். அத்தான் அதன் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்துப் பார்த்துக்கொண்டே போவார். அவருக்குப் பின்னால், தலையிலிருந்து கால் வரை எண்ணெய் வழிய, ஒரு கூட்டம் நடுங்கிக்கொண்டு நிற்கும். ஒருமுறை பெரிய மீசை வைத்த ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஓய், குளிக்க வந்தீரா, கம்பியப் புடுங்கிட்டுப் போக வந்தீரா?"

"நீரும் இதத்தான புடிச்சுக்கிட்டு நிக்கப்போறீரு? உமக்காவத்தான் பாக்கேன்" என்றார் அத்தான். "இந்த எடத்துல கொஞ்சம் ஆடுது. பாத்துக்கிடும்."

மீசைக்காரர் பயந்துபோய்க் கம்பியைத் தொடாமலே குளித்தார். வழுக்கி விழுந்தார். தூக்கிவிட்டதும் அத்தான்தான்.

இந்தப் பழக்கம் மரியாதையாகத் தேறியது ஒரே ஓர் இடத்தில். தென்காசியில் தேரோட்டத்தன்று அவர் விடியற்காலையிலேயே போய்த் தேர்வடத்தை ஒவ்வொரு முழமாக இழுத்துப் பார்ப்பார். ஊர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டது. பரிவட்டம் கட்டலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு, காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போகும் ஆசை எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. எப்போது வந்தது என்று சொல்ல முடியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு நாள் நடுமத்தியானத்தில், திருவிதாங்கூரை நோக்கி ஓர் ஆகாய விமானம் தென்காசிக்கு மேலே போயிற்று. ஊர் வெளியே வந்து அண்ணாந்தது. நான் அக்கா வீட்டில் தங்கி வக்கீலாக இருந்த கோர்ட்டும் வெளியே வந்தது. நீதிபதி, குமாஸ்தா, சாட்சி, எதிரி எல்லோரும் ஒரே வேப்பமரத்தடியில் நின்றோம். விமானம் மறைந்த பிறகும் அத்தான் கழுத்தை இறக்கவில்லை.

"வே மாப்ளே" என்றார் என்னிடம். "அந்த வாலத் திருப்புதானே, எதால இழுத்துத் திருப்புதான்?"

எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருந்தால் காரியம் அத்தோடு முடிந்திருக்கும். பம்பாயிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்தார். சொந்தமாக விமானம் கட்டிக்கொள்வது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரர் படம் போட்டு எழுதியிருந்தார். எந்த அறிவாளியும் ஒரு சின்னக் கொட்டகையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் செய்யலாம் என்று முன்னுரை சொன்னது. அத்தானிடம் கொட்டகை இருந்தது. பொறுமை என் அக்காவிடம் இருந்தது.

வயற்காட்டுக் கிணற்றடியில் நெல் போட்டிருந்த கொட்டகை காலியாயிற்று. தேக்கு ரீப்பரும் மூங்கிலும் மல் துணியுமாக ஒரு பெரிய உருவம் அதற்குள் வளர்ந்தது. செங்கோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை தலைகுப்புற ஓட்டிய மோட்டார் சைக்கிளின் இன்ஜின் வந்து சேர்ந்தது. இதெல்லாம் சீக்கிரமாகவே நடந்தது. நின்றுபோனது கம்பிக்கயிற்றில்.

விமானத்தில் ஓட்டுகிறவன் உட்காரும் இடத்திலிருந்து வால் வரைக்கும், இறக்கை முனை வரைக்கும், மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிய கம்பிக்கயிறு ஓடும். காலால் ஒரு கட்டையை மிதித்தால் அது வாலிலுள்ள பலகையை இழுக்கும். கயிறு அறுந்தாலும் நழுவினாலும் மேலே இருப்பவனுக்கு அப்புறம் வேலையில்லை. அத்தானின் சித்தப்பா மகன் ஒருவர் கொழும்பில் கப்பல் சாமான் கடை வைத்திருந்தார். தூத்துக்குடி வழியாக அவர் அனுப்பிய சுருள் வந்து இறங்கிய நாளிலிருந்து நானும் கொட்டகையில் குடியேறினேன். கட்சிக்காரர்கள் என்னைத் தேடி வரும் வழக்கம் இல்லாததால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தக் கயிற்றைச் சும்மா வெட்டிவிட முடியாது. வெட்டினால் இழைகள் சீறிக்கொண்டு பிரிந்து ஊசிப் புதராக நிற்கும். என் கட்டைவிரலில் இன்னும் ஓர் இழையின் நுனி உள்ளே இருக்கிறது. வாடைக்காற்றுக்குத் தினவெடுக்கும். வெட்ட வேண்டிய இடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய செப்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றிவிட்டு, பட்டறைக் கல்லின் மேல் வைத்து, கூரான உளியால் ஒரே அடி. இரண்டாவது அடி கூடாது. பிறகு முனையை ஒரு செப்புக் குழாய்த் துண்டுக்குள் விட்டு, வளைத்துக் கண்ணி போட்டு, அதே குழாய்க்குள் திரும்பவும் நுழைத்து, குழாயை நசுக்க வேண்டும். நசுக்குவதற்குக் கொல்லரிடம் ஓர் இடுக்கி அடித்து வாங்கியிருந்தார். பாக்குவெட்டிக்கு மூத்த அண்ணன் மாதிரி இருக்கும், என் உயரத்துக்குக் கைப்பிடி.

"முதல்ல நடுவுல நசுக்கும் வே" என்பார். "அப்புறம் கண்ணிப் பக்கம். வால் பக்கம் கடைசி. செம்பு நசுங்க நசுங்க நீளும். அது ஓடுததுக்கு எடம் விடணும்."

"இது போதுமா அத்தான்?"

"முனை எங்க வே? குழாய்க்குள்ள ஒளிஞ்சுகிட்டு கெடக்கு. அது வெளிய தலைய நீட்டிக்கிட்டு இருக்கணும். கண்ணுக்குத் தெரியாததை நான் நம்பமாட்டேன்."

நசுக்கி முடித்ததும், குழாயும் கயிறும் சேரும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். இழுக்கும்போது கயிறு நழுவினால் பொட்டு இடம் மாறிக் காட்டிக்கொடுக்கும். அதற்காக அக்காவின் சாந்துச் சிமிழ் கொட்டகைக்கு வந்துவிட்டது.

"வீட்டுல இருக்கவளுக்குப் பொட்டு இல்ல, கம்பிக்கெல்லாம் பொட்டு" என்று அக்கா ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்புவாள்.

அதன் பிறகுதான் சோதனை. கண்ணியை உத்தரத்தில் மாட்டி, கீழே நெல் மூட்டையைக் கட்டுவார். தாங்கினால் இன்னொரு மூட்டை. அதையும் தாங்கினால் வீட்டிலிருந்து ஆட்டுரல் வண்டியில் ஏறி வரும். ஆட்டுரல் வயற்காட்டில் தொங்கும் நாட்களில் எங்களுக்கு இட்லி கிடையாது. அதையும் தாங்கினால் அவரே ஏறித் தொங்குவார். கடைசியாக என்னைத் தொங்கச் சொல்லுவார்.

"என் எடை என்ன எடை அத்தான்? ஒரு மூடைக்குக் காணுமா?"

"எடைக்கு இல்ல வே. மூடை ஆடாது. வானத்துல காத்து ஆட்டும்லா? நீரு தொங்கினா நல்லா நடுங்குதீரு. அதான் வேணும்."

நான் நடுங்குவேன். ஏதாவது ஒரு கட்டத்தில் கயிறு அறும். ஆட்டுரல் தரையில் பள்ளம் பறிக்கும். அத்தான் முகம் மலரும். "பாத்தீரா, இவ்வளவு தாங்கியிருக்கு" என்பார்.

"சரி, அறுந்துபோச்சே. இதை விமானத்துல மாட்ட முடியாதே."

"முடியாதுதான். வேற ஒண்ணு செய்வோம்."

"அந்த வேற ஒண்ணு எவ்வளவு தாங்கும்னு எப்படித் தெரியும்?"

"இழுத்துப் பாப்போம்."

இதில் ஒரு வட்டம் இருக்கிறது என்று ஒரு வக்கீலுக்குரிய நிதானத்தோடு எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அது சரிதான் வே" என்றார். அடுத்த துண்டை அளந்து என் கையில் கொடுத்தார்.

அக்கா பயப்படுவாள் என்று நினைத்து ஒருநாள் ஆறுதல் சொல்லப் போனேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, எனக்கு என்ன பயம்?" என்றாள். "அவுக அறுத்துக்கிட்டு இருக்க வரைக்கும் என் தாலிக்கு ஒரு குறையும் இல்ல. பறக்கணும்னா ஏதாவது ஒண்ண நம்பி ஏறி உக்காரணும்லா? அவுக எதை நம்புதாவ? சோத்துல உப்பு இருக்குன்னு நான் சொன்னா நம்புதாவளா? நாக்குல ஒரு பருக்கை வச்சுப் பாத்துட்டுத்தான் எலை முன்னால உக்காருதாவ. அறுக்கட்டும், நல்லா அறுக்கட்டும். என்னைக்கு அறுக்கத நிறுத்துதாவளோ, அன்னைக்கு ஓடி வந்து எங்கிட்ட சொல்லு."

இரண்டு கோடை இப்படி அறுபட்டுக் கழிந்தன.

மூன்றாவது கோடையில் கொழும்புச் சித்தப்பா மகன் கடையைக் கட்டிவிட்டார். இனிமேல் சுருள் வராது. இருந்ததை அத்தான் கொட்டகைத் தரையில் நீட்டி அளந்தார். விமானத்துக்கு ஒரு முறை மாட்டப் போதும். அறுத்துப் பார்க்க ஒரு சாண்கூட மிஞ்சாது. பிறகு எழுந்து, வெட்டும் இடங்களில் செப்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். அன்றைக்கு ஒவ்வொரு முனையையும் அவரே நசுக்கினார். இடுக்கியை என்னிடம் கொடுக்கவில்லை. மாலையில் பார்த்தால் எல்லாக் கண்ணியிலும் பொட்டு இருந்தது. ஆட்டுரலைக் கேட்டு ஆள் போகவில்லை.

நான் அக்காவிடம் ஓடினேன். அவள் அடுப்பில் பாலை விட்டது விட்டபடி கொட்டகைக்கு வந்தாள். விமானம் கட்டத் தொடங்கியதிலிருந்து அவள் அங்கே கால் வைத்ததில்லை. மல் துணி போர்த்திய இறக்கையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே நின்றாள்.

"இதையும் அறுத்துப் பாருங்க."

"அறுத்தா பறக்க முடியாது" என்றார் அத்தான்.

"அறுக்காம பறந்தா?"

"ரெண்டு மூடை தொங்கவிட்டுப் பாத்தேன். தாங்குது. அதுக்கு மேல தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒரு தடவைதான் ஏறுவியன்னு சொல்லுங்க. அதுக்கு அப்புறம் இந்தக் கொட்டகையில நெல்லுதான் கெடக்கணும்."

"பறந்துட்டுதுன்னா ஒரு தடவை போதும்" என்றார். "பறக்கத்தான கேட்டேன். தெனமும் பறந்து நான் என்ன தபாலா கொண்டுபோவப் போறேன்?"

"பறக்கலன்னா?"

அத்தான் பொய் சொல்லத் தெரியாதவர். "பறக்குத வரைக்கும்" என்றார்.

அக்கா இறக்கை முனையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஏறுகிற அன்றைக்கு அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று போகும்போது சொன்னாள்.

கயிற்றை விமானத்தில் மாட்டும்போது ஒரு வழக்கு எழுந்தது. வாலில் ஒரு பலகை நிமிர்ந்து நிற்கும். இடது காலை மிதித்தால் அது இடது பக்கம் திரும்ப வேண்டும், விமானமும் இடது பக்கம் திரும்பும் என்று புத்தகம் சொன்னது. நான் படித்துச் சொன்னேன். அத்தானின் வண்டிக்காரர் அப்போது வாசலில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். விவரமான மனிதர். சந்தைக்குப் போகும் வண்டிகளில் அவருடையதுதான் எப்போதும் முதலில் போகும்.

"அது எப்படி அண்ணாச்சி?" என்றார். "வால் எடது பக்கம் போனா மூஞ்சி வலது பக்கம்லா போவும்?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

"போட்டவரு வண்டியப் பொறத்தால தள்ளிப் பாத்திருப்பாரா? இங்கன வாங்க."

மாடு இல்லாத வண்டியின் பின்பக்கத்தை அவர் இடது பக்கமாகத் தள்ளினார். முன்னாலிருந்த நுகத்தடி வலது பக்கம் போய் என் முழங்காலில் இடித்தது. இதைவிடத் தெளிவான சாட்சியத்தை நான் எந்தக் கோர்ட்டிலும் கண்டதில்லை. ஆனால் அத்தான் அப்படி நம்பிவிடுகிற ஆள் அல்லவே. தானே போய் வண்டியைப் பிடித்தார். இடது பக்கம் இழுத்தார், வலது பக்கம் இழுத்தார், திரும்பத் திரும்ப இழுத்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி வண்டிக்காரர் சொன்னபடியே நடந்துகொண்டது.

"வே, வெள்ளக்காரன் கோட்ட விட்டுட்டான்" என்றார் கடைசியில், கொஞ்சம் இரக்கத்தோடு. கயிறு இரண்டையும் நடுவில் மாற்றிக் குறுக்காக மாட்டினோம்.

ஆய்க்குடிப் பாதையில் ஒரு குளம் கோடையில் வற்றி மைதானமாகக் கிடக்கும். காற்று எழும்பும் ஆனி மாதம் வருவதற்குள் அங்கே ஓட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு. விமானத்தை இறக்கையைக் கழற்றி வண்டியில் கொண்டுபோனோம். யாருக்கும் சொல்லவில்லை. அதனால் ஊர் பூராவும் வந்திருந்தது. முறுக்கு விற்றார்கள். அத்தான் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தார். கால் கட்டையை மிதித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் நடுங்கி நான் பார்த்தது அன்றுதான்.

குளத்தின் இடது பக்கம் வெட்டவெளி. வலது பக்கம், வயலுக்கு அடிப்பதற்காக வெட்டிய வண்டல் மண் மேடு மேடாகக் குவித்திருந்தது. அதற்கும் அப்பால், கரையை ஒட்டிய களத்தில், யாரோ ஒரு புண்ணியவானின் வைக்கோல் படப்பு.

இன்ஜின் உறுமியது. மாடுகள் மிரண்டு ஓட, வண்டிக்காரர் அவற்றின் பின்னால் ஓடினார். வாலைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன். "விடும் வே" என்று அத்தான் கத்தியது சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஆகையால் விமானம் புறப்பட்டபோது கொஞ்ச தூரம் நானும் அதோடு போனேன். பிறகு முகங்குப்புறக் கிடந்தேன். குளத்துத் தூசி முழுவதும் எழுந்து ஊரின் கண்ணில் விழுந்தது.

அடுத்து நடந்ததை அத்தான் சொல்லித்தான் தெரியும். சக்கரம் ஒரு பள்ளத்தில் தட்டியதும் விமானம் லேசாக வலது பக்கம் சாய்ந்தது. இவர் இடது காலை மிதித்தார். அது இன்னும் வலது பக்கம் திரும்பியது. இன்னும் மிதித்தார். இன்னும் திரும்பியது. நாங்கள் மாட்டிய கயிற்றில் ஒரு முனை, ஒரே ஒரு முனை, அப்போது நழுவியிருந்தால் அவர் தப்பியிருப்பார். விமானம் நேராகப் போயிருக்கும். ஒன்றும் நழுவவில்லை. வண்டி காற்றில் ஓடுவதில்லை என்பதையும், இடது பக்கம் திரும்பிய பலகையில் மோதும் காற்று வாலை வலது பக்கம்தான் தள்ளும் என்பதையும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. மண்மேடு அவரைப் பார்த்து வந்தது.

நான் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது படப்பின் பாதி உயரத்தில் வால் மட்டும் தெரிந்தது. ஓடினேன். எல்லோரும் ஓடினோம். வைக்கோலுக்குள்ளிருந்து அத்தான் தானாகவே ஊர்ந்து வெளியே வந்தார். வலது மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம். நேராக வாலுக்குப் போய், குனிந்து, ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தார்.

"வே, ஒண்ணுகூட அசையல" என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பறந்துச்சா வே?"

"நீங்கதான அத்தான் உள்ள இருந்தியோ?"

அவர் என் காதருகே குனிந்தார். "நான் கண்ண மூடிக்கிட்டேன்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் அதே கேள்வியைக் கேட்டார். மேட்டில் ஏறித் துள்ளி விழுந்ததா, அல்லது அதற்கு முன்பே தரையை விட்டதா? துள்ளினால் அது பறந்ததாகாது, கல்லெறிந்தது மாதிரி. தானாக எழுந்திருந்தால்தான் கணக்கு. சக்கரத் தடத்தைப் பார்க்கலாம் என்றால், அதன் மேல்தான் ஊர் பூராவும் ஓடி வந்திருந்தது. கண்ணில் தூசி விழாத ஆளும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்காக யாரும் பதில் சொல்லாமல் இருக்கவில்லை.

"பனை ஒசரம் அண்ணாச்சி" என்றார் வண்டிக்காரர்.

"எந்தப் பனை?"

"அங்கன நிக்குதே, அந்தப் பனை."

"அங்கன பனையே கெடையாது. நீ மாட்டுப் பொறத்தால ஓடுன. போ, போ."

ஒருவரையும் நம்பவில்லை. வரவர அவருடைய கண் விட்டத்தின் மேலேயே இருந்தது. ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, சிங்கப்பூர்ல நமக்கு யாரு இருக்கா? அங்கன கம்பிக்கயிறு கெடைக்கும்கான். ஒரு காயிதம் எழுதிப்போடும். இந்தத் தடவ கயித்தக் குறுக்க மாட்டாம..."

"பறந்துச்சு" என்றாள் அக்கா.

காப்பி டம்ளரோடு அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அத்தான் மெதுவாகத் திரும்பினார்.

"நீதான் அங்கன வரலியே."

"கரை மேல நின்னேன். தூசி எனக்குக் கீழதான் போச்சு."

"மேட்டுல ஏறுனதுக்கு அப்புறமா?"

"முன்னாலயே. மேட்டத் தொடவே இல்ல."

"எவ்வளவு ஒசரம்?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அடியில ஒரு கோழி போவலாம்."

அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். எங்கே நின்றாய், வெயில் எந்தப் பக்கம் அடித்தது, எந்தச் சக்கரம் முதலில் எழுந்தது, கோழியா சேவலா என்று இனி வரிசையாக வரும் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் அப்படித்தான் தொடங்கியிருப்பேன். அது ஒன்றுதான் எனக்குப் படித்துக் கொடுத்திருந்தார்கள்.

"சரி" என்றார் அத்தான்.

இடது கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார். "சிங்கப்பூருக்கு எழுத வேண்டாம் வே" என்றார் என்னிடம். பிறகு காப்பியைக் குடித்தார். ஏதோ பெரிய கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது முகம்.

அக்கா அடுக்களைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நெசமாவே தரைய விட்டு எழும்புச்சா?"

அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. தீ பிடித்தது. அதன் பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஏலே, தாலியக் கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கவ" என்றாள், "கண்ணத் தெறந்துக்கிட்டா நிப்பா?"